பதவி போன பின் லாபியிஸ்ட்: இல்லினாய்ஸ் மெக்லெய்ன் பற்றிக் கேள்வி பதில்

கே: எம்.எல்.ஏ. பதவி போனதும் லாபியிஸ்ட், அதாவது கம்பெனிகளுக்காகச் சட்டமன்றத்தில் பரிந்து பேசும் ஆள், ஆவது அமெரிக்காவில் சகஜமா சார்?

ப: ரொம்ப சகஜம். பொதுவாகச் சட்டப்படி குற்றமும் இல்லை. இல்லினாய்ஸ் மாநிலத்து மைக்கேல் மெக்லெய்னைப் பாருங்கள். மிசிசிப்பி கரையில் இருக்கும் குவின்சிக்காரர், வக்கீல். 1970-களில் மாநிலக் கீழவைக்குள் வந்தார். 1980-ல் அவையின் 177 இடங்களை 118 ஆக்கினார்கள். 1982 தேர்தலோடு இவர் ஆட்டம் முடிந்தது. 1983 ஜனவரியில் இவருடைய சிநேகிதர் மைக்கேல் மேடிகன் சபாநாயகர் ஆனார். நடுவில் இரண்டு வருஷம் போக, 2021 வரை நாற்காலி அவரிடம்தான். லாபியிஸ்ட் ஆன மாஜிக்கு இதைவிட என்ன வேண்டும்?

கே: சட்டம் தெரிந்தவர் என்றுதான் கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றனவா?

ப: சட்டம் தெரிந்த வக்கீல் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். மேடிகன் செல்போன் வைத்துக்கொள்ளாதவர், ஈமெயிலும் கிடையாது. அவரிடம் விஷயத்தைக் கொண்டுபோய்ப் பதில் வாங்கி வர ஒரு ஆள் வேண்டும். மின்சாரக் கம்பெனியான காம்எட்டுக்கு அந்த ஆள் மெக்லெய்ன். போனில் பேர் சொல்ல மாட்டார், 'நம்ம நண்பர்' என்பார். எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்ட பதிவுகள் பூராவும் இந்த 'நண்பர்'தான்.

கே: அப்புறம் எங்கே மாட்டினார்?

ப: மேடிகனின் ஆட்களுக்குக் காம்எட் பணம் கொடுத்தது. நேராக அல்ல, ஒரு ஆலோசனை நிறுவனம் வழியாக, துணை ஒப்பந்தம் என்று கணக்கெழுதி. எட்டு வருஷத்தில் சுமார் 13 லட்சம் டாலர். வாங்கியவர்கள் செய்த வேலை கொஞ்சம், அல்லது ஒன்றுமில்லை. அதே காலத்தில்தான் 2011-லும் 2016-லும் கம்பெனிக்குச் சாதகமான மின்சாரச் சட்டங்கள் நிறைவேறின. 2020-ல் காம்எட் 20 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கொண்டது. என்னைக் கேட்டால், வினையே அந்தக் கணக்குப் புத்தகம்தான். ஒருவருக்காகப் பரிந்து பேசுவது தொழில். வேலையில்லாத சம்பளத்தை வேலை என்று எழுதுவது மோசடி.

கே: ஜெயில் உண்டா?

ப: 2023 மே மாதம் ஜூரி இவரையும் இன்னும் மூன்று பேரையும் குற்றவாளி என்றது. மறு வருஷம் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் லஞ்சச் சட்டத்தின் வீச்சைச் சுருக்கியதால் சில குற்றச்சாட்டுகள் விழுந்தன. சதியும் பொய்க் கணக்கும் நின்றன. 2025-ல் இரண்டு வருஷ சிறை. மேடிகனுக்கு ஏழரை.

கே: இந்தத் தாவலுக்குத் தடையே இல்லையா?

ப: ஃபுளோரிடாவில் பதவி விட்டு 6 வருஷம் லாபி செய்யக் கூடாது, 2018-ல் வாக்காளர்களே போட்ட விதி. இல்லினாய்ஸ் 2021-ல் ஒரு தடை கொண்டுவந்தது. 6 மாதம்!