ஊசி போடக் கற்றுக்கொள்ளலாமா, அக்கா?

22 வருடம் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் டோக்கன் மேசையில் உட்கார்ந்தவள் நான். மருத்துவமனை வரவேற்பில், உதவியாளர் வேலையில் இருப்பவர்கள் அனுப்பியவற்றில் நான்கு கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ஒரு கிளினிக்கில் எட்டு மாதமாக இருக்கிறேன். டோக்கன் கொடுப்பது, ஃபைல் எடுப்பது, பீஸ் வாங்குவதுதான் வேலை. நர்ஸ் லீவு போட்டால் டாக்டர் என்னை ஊசி போடச் சொல்கிறார். "பார்த்துப் பார்த்து வந்துடும்மா" என்கிறார். கற்றுக்கொண்டால் நல்லதுதானே அக்கா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வேண்டாம்மா. நூறு ஊசி ஒழுங்காகப் போட்டிருப்பீர்கள், நூற்றியோராவது ஆளுக்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் மயங்கி விழுந்தால் "யார் போட்டது, என்ன படிச்சிருக்கு" என்றுதான் முதலில் கேட்பார்கள், அந்த நேரத்தில் உங்கள் கையில் பி.காம். சர்ட்டிபிகேட் மட்டும்தான் இருக்கும். ஆசை இருந்தால் முறையாகப் படியுங்கள். நர்சிங் படிப்புகளில் ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால் தைரியமாகப் போடலாம்.

டாக்டரிடம் எப்படி மறுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி, இல்லையா? சட்டம் பேசாதீர்கள். "சார், ஏதாவது ஆச்சுன்னா உங்க பேருதான் கெடும், எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லுங்கள். பெரும்பாலான டாக்டர்களுக்கு இது உடனே புரியும்.

எடை, உயரம், காய்ச்சல் பார்ப்பது, மிஷினில் பி.பி. எடுப்பது எல்லாம் பழகிக்கொள்ளுங்கள். பி.பி. எடுக்கும்முன் ஆளை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவருக்கு அப்படியே பட்டையைச் சுற்றினாலோ, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவருக்கு எடுத்தாலோ அளவு கூடத்தான் காட்டும். வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள், "நார்மல்தான்" என்று வாயைத் திறக்காதீர்கள். இன்னொன்று, ஹெபடைடிஸ் பி (குத்திய ஊசி, ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோய்) தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. மேசையில் கிடக்கும் ஊசியை எடுத்து வைப்பது எப்படியும் உங்கள் தலையில்தான் விழும், அதனால் டாக்டரிடம் இதை முதலில் கேளுங்கள்.

கேள்வி: ராத்திரி போன் செய்து "குழந்தைக்குக் காய்ச்சல், பாரசிட்டமால் எவ்வளவு கொடுக்கட்டும்" என்கிறார்கள். டாக்டர் எழுதும் அளவு எனக்கு மனப்பாடம். சொல்லலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு அம்மா கேட்டார், பழைய சீட்டில் 5 எம்.எல். என்று இருந்தது, பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் போனை வைப்பதற்கு முன், "அக்கா, அப்போ டிராப்பர்ல அஞ்சு தடவையா?" என்றார். எனக்குக் கை உதறிவிட்டது. சீட்டில் இருந்தது சிரப், அவர் கையில் வைத்திருந்தது பக்கத்து வீட்டில் வாங்கிய டிராப்ஸ். சிரப்பில் 5 எம்.எல்.லுக்கு 125 மில்லிகிராம், டிராப்ஸிலோ ஒரு எம்.எல்.லுக்கே 100. அதாவது நான் சொன்னபடி கொடுத்திருந்தால் 125 போக வேண்டிய இடத்தில் 500 போயிருக்கும். 250 மில்லிகிராம் சிரப் வேறு இருக்கிறது, டப்பா பார்க்க ஒரே மாதிரி. போதாததற்கு அளவு குழந்தையின் எடையை வைத்துக் கணக்கிடுவது, பழைய சீட்டு எழுதியபோது இருந்த எடையா இன்றைக்கும் இருக்கும்?

அதன் பிறகு நான் செய்தது இதுதான். பாட்டிலில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்வேன், எடை கேட்பேன், இரண்டையும் டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லி, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அளவுப் பேச்சே கிடையாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிடுவேன்.

கேள்வி: ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருக்கிறேன். சொந்தக்காரர்களே வந்து, "வாயால சொல்ல வேணாம், சிரிச்சா பையன்னு எடுத்துக்கிறோம்" என்கிறார்கள். (வாசகி, சேலம்)

பதில்: சிரிக்காதீர்கள்! வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டம் வார்த்தையை மட்டும் தடுக்கவில்லை, சைகை உட்பட எந்த வகையில் சொன்னாலும் குற்றம். டாக்டர் மட்டுமல்ல, அங்கே வேலை செய்கிறவரும் மாட்டுவார், முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை. சுவரில் மாட்டியிருக்கும் போர்டைக் கைகாட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுங்கள். சித்தி கோபித்துக்கொண்டால் அடுத்த கல்யாணத்தில் சமாதானமாகிவிடுவார்.

கேள்வி: "டாக்டருக்குத் தெரிஞ்சவங்க" என்று சொல்லி வரிசையில் நுழைபவர்களை என்ன செய்வது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எங்கள் டாக்டருக்கு ஊரில் பாதிப் பேர் தெரிந்தவர்கள்தான். "அப்படியா சார், உட்காருங்க, உங்க டோக்கன் 31" என்பேன். ஆனால் மூச்சுத் திணறலோடு, வலிப்போடு, துவண்டு போய் வருகிற குழந்தைக்கு டோக்கனே கிடையாது, நேராக உள்ளேதான். அதைக் காத்திருப்பவர்களிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு அனுப்புங்கள், ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். சொல்லாமல் அனுப்பினால்தான் சண்டை.