நின்றால் சூடாகும் கார்

கேள்வி: நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது என் காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது, வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது. வீட்டிலேயே எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: வேகமெடுத்ததும் முள் இறங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறிதான் செய்தாக வேண்டும் என்பதால், முதல் சந்தேகம் அதன்மீதே விழுகிறது.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் மூடியைத் திறந்து அதன் அளவைப் பாருங்கள். சூட்டோடு திறந்தால், அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அளவு சரியாக இருந்தால், எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் விசிறி சுழலும். சுழன்றால் மோட்டார் நலமாக இருக்கிறது; வெப்ப உணரியையோ அதன் வயரையோதான் ஐயுற வேண்டும். சுழலாவிட்டால், எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபியூஸ் பெட்டியிலிருந்து விசிறியின் ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுக்கம்பி அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். அதுவும் சரியென்றால், விசிறியின் ரிலேக்கு (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) பதிலாக, அதே பெட்டியிலுள்ள அதே எண் கொண்ட வேறொரு ரிலேயை மாட்டிப் பாருங்கள். அப்போதும் அசையாத விசிறிக்குப் பெரும்பாலும் மோட்டாரையே மாற்ற வேண்டியிருக்கும். எஞ்சினை அணைத்த பின்னும் விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால், பேட்டரி இணைப்பை நீக்காமல் விசிறியின் அருகே கைவைக்காதீர்கள்.

கூலன்ட்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் உண்டு. அது மூடியபடி சிக்கியிருந்தால் வேகத்திலும் முள் இறங்காது என்பதால், உங்கள் காருக்கு அந்த யோசனை பொருந்தாது. எஞ்சின் ஆயில் பால்காப்பி நிறத்தில் கலங்கியிருந்தால் மட்டும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.