அமில உணவு, கார உணவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. உறவினர் ஒருவர் அமில உணவு, கார உணவு (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்) என்று ஓர் அட்டவணை அனுப்பியிருக்கிறார். அமில உணவால் உடல் அமிலமாகிப் புற்று வளருமாம், கார உணவு அதை அடக்குமாம். முட்டையும் இறைச்சியும் அமிலமாம், நிறுத்தச் சொல்கிறார். ஜெர்மன் விஞ்ஞானி வார்பர்க் நோபல் பரிசு பெற்றதே இதைக் கண்டுபிடித்ததற்குத்தானாம். புளிக்கும் எலுமிச்சை எப்படிக் காரமாகும்? அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் தாளில் சிறுநீரைச் சோதித்துவரலாமா?

ம.

அன்புள்ள ம.,

எலுமிச்சையின் சிட்ரேட் உடலுக்குள் பைகார்பனேட் என்ற காரப் பொருளாகிவிடுகிறது. முட்டை, இறைச்சிப் புரதத்தின் கந்தகம் கந்தக அமிலமாகிறது. அட்டவணை சரியாகச் சொல்வது அவ்வளவுதான். வார்பர்க் 1931-இல் நோபல் பரிசு பெற்றது சுவாச நொதி ஆய்வுக்கு. உறவினரை விடுங்கள்.

அந்தத் தாளுக்கு வருகிறேன். அப்பா படுக்கையில் இருந்தபோது நானும் அதை வாங்கினேன். தினமும் மூன்று வேளை நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் டப்பாவின் நிறங்களோடு ஒப்பிட்டு, நோட்டில் எழுதுவேன். மஞ்சள் பச்சையானால் எனக்குக் கொண்டாட்டம். ஒருநாள் அப்பா, "ஒரு முட்டை கிடைக்குமா?" என்றார், கடன் கேட்பவர் குரலில். நான் சுவரில் ஒட்டிய அட்டவணையைக் காட்டினேன். அந்த வாரம்தான் அவருடைய வாட்ச் பட்டையில் கடைசித் துளையும் போதாமல், ஊசியைச் சூடுகாட்டிப் புதுத் துளை போட்டிருந்தேன். அப்போதும் உறைக்கவில்லை.

அமில, கார அளவைச் சொல்லும் எண் பிஎச்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். எதைச் சாப்பிட்டாலும் ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில்தான் நிற்கும். நுரையீரல் கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது, சிறுநீரகம் மிஞ்சிய அமிலத்தைக் கழிக்கிறது. அதனால் சிறுநீர் மட்டும் 4.5 முதல் 8 வரை ஏறி இறங்கும். தாள் மஞ்சளானால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். வாசலில் குப்பைக்கூடை நிறைந்திருப்பதைப் பார்த்து, வீடு அழுக்கு என்று அழுதுகொண்டிருந்தேன் நான்! கட்டியைச் சுற்றியுள்ள அமிலமோ அந்தக் கட்டியே சர்க்கரையை நொதித்து உண்டாக்குவது. உங்கள் தட்டிலிருந்து போனதல்ல.

யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்குச் சிறுநீரைக் காரமாக்குவது உண்மையிலேயே சிகிச்சை. சிறுநீரக நோயாளிக்குப் பழமும் காய்கறியும் அமிலத்தைக் குறைக்கும். கூடவே பொட்டாசியம் ஏறி இதயத்தையும் நிறுத்தலாம். அதையெல்லாம் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எலுமிச்சைக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அம்மா எவ்வளவு சாப்பிடுகிறார், எடை எவ்வளவு குறைந்தது என்று ஒரு வரி இல்லை. என்ன பிள்ளை நீங்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை நான் எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். நாளை அம்மாவின் எடையைப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். முட்டை கேட்டால், மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்துக் கொடுங்கள்.