மனச்சோர்வும் சீன மருத்துவமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். தூக்கம் சரியாகிவிட்டது, எடைதான் ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் ஊர் அக்குபங்சர்காரர் நாடி பார்த்துவிட்டு, "கல்லீரலில் சக்தி தேங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்துங்கள், ஊசியும் சீன மூலிகையும் போதும்" என்கிறார். ரத்தப் பரிசோதனையில் கல்லீரலுக்கு ஒன்றுமில்லை. அவர் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா?

கே.

அன்புள்ள கே.,

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், படபடப்பு வரலாம். அடங்கிய நோயும் திரும்பலாம். எடைதான் தொல்லை என்றால் மனநல மருத்துவரிடமே சொல்லுங்கள், மாற்று மாத்திரைகள் உண்டு.

சரி, கல்லீரலுக்கு வருவோம். சீன மருத்துவத்தில் அது ஸ்கேனில் தெரியும் உறுப்பு மட்டுமல்ல. 'சீ' எனும் உயிராற்றல் உடம்பெங்கும் தடையின்றி ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அதனுடையதுதான். கோபத்தை உள்ளேயே அடக்கினால் சீ தேங்கும், நெஞ்சு அடைக்கும், பெருமூச்சு வரும், பசி போகும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் ரத்தப் பரிசோதனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தத் தேக்கத்தை ஆறு வகையாகப் பிரித்தவர் 14ஆம் நூற்றாண்டு வைத்தியர் ஜூ டான்ஷி. அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு பெண் வருகிறாள். சாப்பாட்டை விட்டு, வடக்கே முகம் திருப்பி ஆறு மாதமாகப் படுத்துக் கிடக்கிறாள். நாடி பார்த்த ஜூ, வீட்டாரை விசாரிக்கிறார். அவளுக்கு நிச்சயித்தவன் தெற்கே போய் ஐந்து வருடமாகிறதாம். "கோபம் வந்தால்தான் இந்த ஏக்கம் அவிழும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், மூன்று முறை கன்னத்தில் அறைந்து திட்டுகிறார். அவள் ஆத்திரத்தில் அழுது தீர்த்துவிட்டுச் சாப்பிடுகிறாள். மறுபடி தேங்காமலிருக்க மகிழ்ச்சி வேண்டும் என்று, அவன் சீக்கிரம் வருவதாகப் பொய்யாக ஒரு கடிதச் செய்தி. மூன்று மாதத்தில் அவன் நிஜமாகவே வந்துவிட்டான்.

இன்று இப்படி அறைந்தால் போலீஸ்தான் வரும். ஆனாலும் அவர் நாடியோடு நிற்காமல் வீட்டுக் கதையைக் கேட்டிருக்கிறார். உங்கள் ஊர்க்காரர் அக்காவிடம் எதையாவது கேட்டாரா?

1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் சீனாவின் சாங்ஷாவில் 'நரம்புத் தளர்ச்சி' என்று முத்திரை குத்தப்பட்ட 100 பேரைப் பரிசோதித்தார் (நம்மூர் லாட்ஜ் வைத்தியர் விளம்பரத்தில் வரும் நரம்புத் தளர்ச்சி அல்ல). தலைவலி, தூக்கமின்மை என்று வந்தவர்களில் 87 பேருக்கு இருந்தது தீவிர மனச்சோர்வு. உடம்பின் வழியாகப் பேசும் துயரத்தைக் காது கொடுத்துக் கேட்பதில் சீன மருத்துவத்துக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்த மட்டில் எனக்கு அதன்மேல் மரியாதைதான்.

குணமாக்குமா என்றால், அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 64 அக்குபங்சர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு. மாத்திரையை விடாமல், கூடவே ஊசியும் போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஒவ்வொரு முறையும் புது ஊசியைப் பிரிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

மூலிகையில்தான் எனக்குப் பயம். தேக்கத்துக்கு வழக்கமாகத் தரும் 'சியாவ்யாவ்' பொடியில் அதிமதுரம் இருக்கிறது. நிறைய நாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அதில் சேரும் டாங்குய் வேர், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையோடு ஒத்துப்போகாது. பெல்ஜியத்தில் 1990களில் எடை குறைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே போனது, காரணம் கலவையில் வந்து சேர்ந்த வேறொரு மூலிகை. அவர் கொடுக்கும் டப்பாவில் என்னென்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அடுத்த முறை மனநல மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எழுதாவிட்டால் வாங்கவே வேண்டாம்.