அந்தக் கையை ஏன் வெட்டினீர்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் பெங்களூரில் விஸ்காம் இறுதியாண்டு படிக்கும் நான்கு பேர். நால்வருமே கோலார் தங்கவயல் பிள்ளைகள். தாத்தாக்கள் சுரங்கத்தில் இருந்தவர்கள். அப்பாக்கள் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள். சுரங்கம் மூடிய பிறகு பிறந்த நாங்கள் அதன் சங்குச் சத்தத்தைக்கூடக் கேட்டதில்லை.

நினைவு, வேர் என்ற கருவில் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறோம். 81 வயதான என் தாத்தாதான் மையம். ஒன்பது நிமிடப் படத்தையும் வெட்டாத காட்சிகளையும் அனுப்பியிருக்கிறேன். குழப்பம் முடிவில்தான். தாத்தாவின் தாத்தா குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். கடைசிக் காட்சியில் நான் அந்த ஊருக்குப் போய் மண்ணை அள்ளி நெற்றியில் வைக்கிறேன். எங்களில் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வேர் அந்த ஊரா, தங்கவயலா? படத்தை எங்கே முடிப்பது? பின்னணிக் குரல் தமிழில் இருந்தால் போதுமா, விழாக்களுக்கு ஆங்கிலம் வேண்டுமா? இரவல் கேமராவில் எடுத்ததால் சில காட்சிகள் சுமார்தான். திரும்ப எடுக்கட்டுமா?

நீங்கள் தங்கவயலின் சாம்பியன் ரீப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவர் என்பதால் உரிமையோடு கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் வீடு முழுக்க ஒரு ஒலிநாடாவைத் தேடிக்கொண்டிருந்தேன். 1991-ல் என் அப்பாவைப் பேசவைத்துப் பதிவு செய்தது. கிடைத்தது. கேட்கவும் கேட்டேன். அதற்கு மறுநாள் உங்கள் படத்தைப் பார்த்தேன். அதனால்தான் தனியாகப் பதில் போடாமல் இங்கேயே எழுதுகிறேன்.

கேமராவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தாத்தாவின் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, போதும். மொழியைப் பற்றியும் யோசிக்காதீர்கள். அவர் பேசுகிற தமிழில் கன்னடம் வருகிறது, தெலுங்கு வருகிறது, துரைமார் விட்டுப்போன ஆங்கிலம் வருகிறது. அதுதான் தங்கவயல் தமிழ். அதன்மேல் வேறு குரலை ஏற்றாதீர்கள். விழாக்காரர்கள் கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்வார்கள். வயலினை எடுத்துவிடுங்கள். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுக் குவியலான சைனைட் மேட்டின் மேல் மூன்று முறை டிரோன் பறக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் அது பாலைவனம் போல அழகாகத்தான் இருக்கும். காற்று மாதத்தில் அந்தப் புழுதி எங்கள் கொடித்துணியிலும் சோற்றிலும் வந்து உட்காரும். சோற்றுப் பானையை மூடுவதற்கென்றே அம்மா ஒரு ஈரத்துணி வைத்திருந்தாள். அந்த மேட்டைத் தரையில் நின்று, ஒரு வீட்டு வாசலிலிருந்து எடுங்கள்.

இனி மண்ணை அள்ளி நெற்றியில் வைக்கும் காட்சி. பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்ன அந்த இரண்டு பேரும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து சுரங்கம் தோண்டத் தொடங்கிய பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் சனம் இங்கே வந்து சேர்ந்தது. அவர்களில் பெரும்பகுதி சேரி மக்கள். பண்ணையில் தலைமுறைக் கடனுக்கு உழைத்தவர்கள். ஆயிரம் அடிக் குழிக்குள் இறங்குவது, ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடப்பதைவிட அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா அந்த மண்ணை உதறிவிட்டு வந்தவர். அதைத் திரும்ப அள்ளி நெற்றியில் வைக்க நீங்கள் யாரைக் கேட்டீர்கள்?

வந்த இடத்தில் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? பத்துக்குப் பத்து தட்டி வீட்டில் இருந்துகொண்டு மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தினார்கள். தமிழ்ப் பௌத்தத்தை மீட்டெடுத்த அயோத்திதாசப் பண்டிதர் 1914-ல் காலமான பிறகு, அவருடைய ‘தமிழன்’ இதழை 1926 முதல் அப்பாதுரையார் இங்கிருந்துதான் நடத்தினார். பாறை உடைத்துவிட்டு வந்த கைகள் அந்த இதழைப் பிரித்துப் படித்திருக்கின்றன. இதில் ஒரு வரியாவது உங்கள் படத்தில் இருக்கிறதா? அந்தக் கிராமத்துக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போங்கள். எந்தத் தெருவில் இருந்தார்கள், எதற்காக ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள் என்று கேளுங்கள். சொல்ல யாராவது இருந்தால் கேமராவைத் திறங்கள்.

இதைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் எழுதலாம். ஆனால் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடாதது இது இல்லை.

நீங்கள் அனுப்பிய வெட்டாத காட்சியில் 23-ஆவது நிமிடத்தை எடுத்துப் பாருங்கள். தாத்தாவை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். “அந்தக் காலத்த நெனச்சா என்ன தோணுது தாத்தா?” என்று கேட்கிறீர்கள். “என்னத்தச் சொல்றது. போச்சு” என்கிறார். “ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?” “கஷ்டந்தான்.” “மூடினப்ப மனசுக்கு எப்படி இருந்துச்சு?” “எப்படி இருக்கும்...” நான்கு முறை சுற்றிச்சுற்றி அதையே கேட்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அவர் பதில் சுருங்கிக்கொண்டே போகிறது. பிறகு யாருடைய போனோ அடிக்கிறது. நீங்கள் எழுந்து போகிறீர்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நிற்கும் இன்னொரு பையனிடம் தாத்தா தானாகவே, “கேஜு வந்து நிக்கும்ல...” என்று ஆரம்பிக்கிறார். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டுதான் கேஜ். வலது கை தோளுக்கு மேலே போகிறது. அங்கே இல்லாத ஒன்றைப் பிடித்து, சின்னதாக இரண்டு இழுப்பு இழுக்கிறது. நிறுத்துகிறார். கண் மேலே பார்க்கிறது. பிறகு ஒரு நீள இழுப்பு. கையை இறக்கி, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்.

பதினோரு வினாடி. எண்ணிப் பார்த்தேன்.

உங்கள் ஒன்பது நிமிடத்தில் அது இல்லை. அந்த இடத்தில் துருப்பிடித்த ராட்டினச் சக்கரமும், “நினைவுகள் துருப்பிடிப்பதில்லை” என்று உங்கள் குரலும் இருக்கின்றன. தம்பி, அந்தக் கையை ஏன் வெட்டினீர்கள்? ஃபோகஸ் சரியில்லை என்றா? பேட்டி அப்போது நடக்கவில்லை என்றா? நினைவைத் தேடி நான்கு மாதம் அலைந்திருக்கிறீர்கள். அது உங்கள் முன்னால் வந்து நின்று கையைத் தூக்கிக் காட்டியது. நீங்கள் போன் பேசப் போய்விட்டீர்கள். திரும்பி வந்து எடிட்டிங் மேசையில் பார்த்தபோதாவது அது கண்ணில் பட்டிருக்க வேண்டாமா?

120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்தார்கள் என்று உங்கள் குரல் சொல்கிறது. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள், அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல், 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள் என்கிறது. எல்லாம் சரி. இவற்றை யார் வேண்டுமானாலும் ஒரு பகல்பொழுதில் திரட்டிவிடலாம். அந்த இரண்டு இழுப்புக்கு என்ன அர்த்தம், நீள இழுப்புக்கு என்ன அர்த்தம், கயிறு எப்படி வழுக்கும், கேஜில் எத்தனை பேர் நெருக்கி நின்றார்கள், யார் எப்போதும் ஓரத்தில் நிற்பார்? இதையெல்லாம் சொல்ல உங்கள் தாத்தா வேண்டும்.

இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், இதே தப்பை நான் செய்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் மரம் கட்டும் வேலை. தோண்டிய இடம் சரியாமல் இருக்க முட்டுக் கொடுப்பது. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரை விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். பிறகுதான் உட்காருவார். கல்யாணமாகி நான் பெங்களூரில் குடிவைத்தபோது வந்தார். கூடம், அடுக்களை, படுக்கையறை என்று ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டு போனார். “சம்பந்தி வீட்டை விலை பேசறார் போல” என்றார் என் மாமியார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. “சும்மா வந்து உட்காருங்கப்பா” என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என் வீட்டில் அவர் எந்தச் சுவரையும் தட்டவில்லை.

அவர் ஓய்வுபெற்றபோது நான் டேப் ரெக்கார்டரோடு போய் எதிரில் உட்கார்ந்தேன். எழுத்தாளராகிவிட்ட மகள் அல்லவா. “உள்ள இருக்கறப்ப பயமா இருக்குமாப்பா?” “வேலைதானேம்மா.” “அந்த வாழ்க்கையை எப்படிப் பாக்கறீங்க?” பதில் இல்லை. அந்த நாடாவில் இருப்பது ஆறு நிமிடம். அதில் பாதி எங்கள் வீட்டுக் குக்கர் சத்தம். பயமா, கஷ்டமா, துக்கமா என்று நான் கேட்டதெல்லாம் என் சொற்கள். அவர் கையில் அந்தச் சொற்கள் இல்லை. கடப்பாரை இருந்தது.

1996-ல் அவர் போனார். காரியத்துக்கு வந்த ஒரு பெரியவர், அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர், திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: “உங்கப்பா கடப்பாரையால மேல் பாறையத் தட்டுவாரும்மா. கிண்ணுன்னு கேட்டா பாறை நல்லா இருக்கு. டொப்புன்னு கேட்டா உள்ள விட்டிருக்கு. அவரு காத வெச்சு ‘இது நிக்காது’ன்னுட்டா நாங்க யாரும் உள்ள கால் வெக்க மாட்டோம்.”

என் வீட்டில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மகள் குடியிருக்கும் வீடு நிற்குமா என்று பார்த்திருக்கிறார். “ஏம்பா தட்டறீங்க?” என்ற ஒரு கேள்வி போதும், நாடா முழுக்கப் பேசியிருப்பார். நான் கேட்கவில்லை.

உங்கள் தாத்தா இருக்கிறார், தம்பி. 81 வயது. அடுத்த வாரமே திரும்பப் போங்கள். அந்த நாற்காலியைத் தூக்கி வெளியே போடுங்கள். அவர் எங்கே எப்போதும் உட்காருவாரோ அங்கேயே உட்காரட்டும். கேள்வித்தாள் வேண்டாம். ஒரு பொருளைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்: பழைய கார்பைடு விளக்கு, சாப்பாட்டு டப்பா, யார் வீட்டிலாவது பரணில் கிடக்கும் தலைத்தொப்பி. கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள். கை பேச ஆரம்பித்தால் வாய் தானாக வரும். “அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள். டப்பாவை உள்ளே எங்கே மாட்டுவார், எலி வராமல் என்ன செய்வார், ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் முதலில் எதைக் குடிப்பார் என்று பேச்சு அதன் போக்கில் போகட்டும். தங்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அது அவருடையது இல்லை.

ஆயாவை ஏன் கேட்கவில்லை? எல்லாக் காட்சியிலும் பின்னால் உட்கார்ந்து ஏதோ ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு இடத்தில் தாத்தா ஏதோ தப்பாகச் சொல்ல, தலையை மட்டும் இல்லை என்று ஆட்டுகிறார்கள். நீங்கள் அதையும் பார்க்கவில்லை. ஏர் பிளாஸ்ட் என்று சொல்வார்கள், அவர்களிடம் கேளுங்கள். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது மேலே எங்கள் வீடு நடுங்கும். அடுக்குப் பலகையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதும். அந்தச் சத்தத்தில்தான் நான் பலமுறை விழித்திருக்கிறேன். அம்மா ஓடமாட்டாள். முதலில் டம்ளர்கள் மேல் கையை வைத்துச் சத்தத்தை நிறுத்துவாள். பிறகு கதவைத் திறந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் குழி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். லைன் முழுக்க ஒவ்வொரு வாசலிலும் அப்படி ஒரு பெண் நிற்பாள். யாரும் பேசமாட்டார்கள். உங்கள் ஆயாவும் நின்றிருப்பார்கள். எவ்வளவு நேரம் நின்றார்கள், என்ன வந்தால் உள்ளே போவார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

படத்தின் முடிவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று தெரிகிறது. இதையெல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள், முடிவை அப்போது பேசலாம். ஞாயிற்றுக்கிழமை எடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் ரயிலேறி வருகிறேன். சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கினால் உங்கள் வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும். தாத்தாவின் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தால் போதும்.

அதற்குள் ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். இரண்டு முறை இழுத்துவிட்டு, மேலே பார்த்துக்கொண்டு நின்றாரே, எதற்காகக் காத்திருந்தார்?

அன்புடன்,
அக்கா