கை நரம்பும் கால் நரம்பும்

அன்புள்ள ரீச்சர்,

அம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தம் வந்து பதினைந்து வருடம். போன மாதம் வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு காலி வீதியைக் கடந்து வந்தோம். வீட்டு வாசலில்தான் பார்த்தேன், அம்மாவின் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. டொக்டர், கால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். அம்மாவோ கையை நீட்டி, "இந்தா பார், நரம்பெல்லாம் நல்லாப் புடைச்சுத்தானே கிடக்குது" என்கிறார். சீனிக்கும் நரம்புக்கும் என்ன தொடர்பு? அதுவும் ஏன் காலில்?

வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

அம்மா காட்டிய நீலக் கோடுகள் நரம்பு அல்ல, இரத்தக் குழாய்கள். பாடப்புத்தகத்தில் அவற்றுக்கு நாளம் என்று பெயர். பேச்சில் நாங்கள் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இரத்தம் எடுக்க வரும் தாதிகூட "நரம்பு பிடிபடுதில்லை" என்பார். வெற்றிலையில் ஓடுவதும் நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு. இந்த ஒரு சொல்லால் பிள்ளைகள் குழம்புவதை வகுப்பில் வருடாவருடம் பார்த்திருக்கிறேன்.

உண்மையான நரம்பைத் தொட்டே பார்க்கலாம். முழங்கையை மடித்து, உட்பக்கம் துருத்தும் எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல உருட்டுங்கள். கயிறு போல ஒன்று வழுக்கும். கொஞ்சம் அழுத்தினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் விறுவிறுக்கும். கதவு நிலையில் இடிபட்டால் கரண்ட் அடித்த மாதிரி என்போமே, அது இதுதான். தொட்டது முழங்கையில், தெரிவது விரலில். அம்மாவையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூளையும், அதிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் முண்ணாணும் சேர்ந்ததுதான் மைய நரம்புத் தொகுதி. முண்ணாண் சுமார் 45 சென்ரிமீற்றர் நீளம்தான். இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். அதிலிருந்து 31 சோடி நரம்புகளும், மூளையிலிருந்து நேரே 12 சோடியும் புறப்பட்டு உடம்பெங்கும் கிளைவிடுகின்றன.

சரி, ஏன் காலில்? கால் பெருவிரலில் படும் தொடுகையை முண்ணாணுக்குக் கொண்டுவரும் நரம்புக்கலத்தின் உடல், கீழ்முதுகில் முள்ளந்தண்டின் ஓரத்தில் இருக்கிறது. வெறும் கண்ணால் பார்க்க முடியாத சிறு பொட்டு. அதிலிருந்து விரல் நுனிவரை ஓடும் இழையோ சுமார் 1 மீற்றர்! அவ்வளவும் ஒரே கலம். இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை அந்தப் பொட்டுக்குள் உருவாகி, இழைக்குள்ளாலேயே போய்ச் சேரவேண்டும். விரைவாகப் போகிறவைக்கே சில நாட்கள் எடுக்கும். மெதுவாகப் போகிறவை நாளுக்குச் சில மில்லிமீற்றர்தான் நகரும். கொழும்பில் சமைத்துப் பருத்தித்துறைக்குச் சாப்பாடு அனுப்புவது போல. வழியில் தடங்கல் என்றால் முதலில் பட்டினி கிடப்பது பருத்தித்துறைதான்.

இரத்தத்தில் சீனி வருடக்கணக்காக ஏறி நின்றால் இந்த இழைகளும், இவற்றுக்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் பழுதாகின்றன. நீளமான இழைகள் முதலில் அடிபடும். அதனால்தான் மரப்பு கால்விரலில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. கைவிரல்களுக்குப் பெரும்பாலும் பிறகுதான் வரும்.

எனக்குப் பயம் செருப்புப் போனதில் இல்லை. சூடான தாச்சியில் கை பட்டால், சுடுகிறது என்று உணர முன்பே கை விலகிவிடும். தெறிவினை என்று படித்திருப்பீர்கள். மூளைக்குக் காத்திராமல் முண்ணாணே கையை இழுக்க வைக்கிறது. ஆனால் சூட்டைச் சொல்ல வேண்டிய இழையே செத்திருந்தால் முண்ணாண் என்ன செய்யும்? மத்தியானம் கோயில் வீதியை வெறுங்காலோடு சுற்றும்போது பாதம் கொப்பளித்தாலும் அம்மா நடந்துகொண்டே இருப்பார். என் அம்மாவின் குதிக்காலில் ஒரு குண்டூசி இரண்டு நாள் இருந்தது. கூட்டும்போது தரையில் கண்ட இரத்தப் பொட்டைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

செத்த இழையை மீட்பது கடினம். சீனியைக் கட்டுக்குள் வைத்தால் மிச்சத்தைக் காப்பாற்ற வழியுண்டு, ஆகவே கிளினிக் தவறவேண்டாம். இரவில் படுக்க முன் அம்மாவின் இரண்டு பாதங்களையும் விளக்கடியில் நீங்களே பாருங்கள், விரலிடுக்குகளையும் சேர்த்து. கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார், விடாதீர்கள். புண் கண்டால் அடுத்த நாளே டொக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், புதுச் செருப்பு பின்னால் பட்டி உள்ளதாக இருக்கட்டும். பின்னேரம் கூட்டிப்போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் அளவாக இருந்தது மாலையில் இறுக்கும். இறுக்குவது அம்மாவுக்குத் தெரியாது.