நிமிடக்கணக்கில் இடைவெளி விட்டு வரும் ரேடியோ துடிப்புகள் இத்தனை காலம் ஏன் சிக்கவில்லை? இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தரவில் அவை இருந்தன; தேடிய மென்பொருள்தான் துடைத்துவிட்டது. 1318 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் ஜிபிஎம் ஜே1839-10 என்ற ரேடியோ மூலம் பற்றிய கட்டுரை வந்தது 2023இல். பழைய பதிவுகளைப் புரட்டினால், அமெரிக்காவின் விஎல்ஏ தொலைநோக்கியில் 1988லேயே அது பதிவாகியிருக்கிறது.

பல்சார், அதாவது சுழன்றுகொண்டே சீராகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன் (வெடித்த விண்மீனின் மிக அடர்ந்த எச்சம்), தேடும் முறைகள் வேகமான துடிப்புக்காக உருவானவை. 1967இல் கண்ட முதல் பல்சாரின் சுழற்சிக் காலம் 1.337 நொடி. ரிசீவரின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) தானாகவே மெல்ல ஏறி இறங்கும் என்பதால், பல நொடி நீடிக்கும் ஏற்ற இறக்கத்தை முதல் வேலையாகச் சமன் செய்துவிடுவார்கள். முப்பது, அறுபது நொடி நீளும் துடிப்பும் அதோடு போய்விடும். தப்பினாலும், வானத்தை வரிசையாகத் துழாவும் பல சர்வேக்கள் ஒரு திசையைச் சில நிமிடங்களே பார்க்கும். ஒற்றைத் துடிப்பை வைத்துக் காலமுறை சொல்ல முடியாது.

இப்போது பிடிப்பது படங்களில். எம்டபிள்யூஏ, ஆஸ்காப், மீர்காட், லோஃபார் போன்ற பல ஆன்டெனாத் தொலைநோக்கிகளின் தரவிலிருந்து, மாறாத மூலங்களின் மாதிரியை முதலில் கழிக்க வேண்டும். மிச்சத்தைச் சில நொடிப் படங்களாக வெட்டி, ஒவ்வொரு பிக்சலும் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று வெவ்வேறு அகல வடிகட்டிகளால் பார்க்க வேண்டும். வட்ட முனைவாக்கப் படத்தையும் (அலையின் மின்புலம் சுழன்றபடி வரும் பங்கை மட்டும் காட்டுவது) தனியே எடுப்பது நல்லது. பெரும்பாலான மூலங்கள் அதில் தெரியாது, அதனால் மினுக்குவது சட்டென்று கண்ணில் படும்.

போலிகள் ஏராளம். எஃப்எம் ஒலிபரப்பைப் பிரதிபலிக்கும் விமானம், செயற்கைக்கோள், சரியாகக் கழியாத பிரகாச மூலத்தின் பக்கக் கதிர்கள், அயனி மண்டலம் நகர்த்திய பிம்பம் எல்லாம் துடிப்பு போலவே வரும். பிரித்துக்காட்டுவது சிதறல் தாமதம், அதாவது விண்வெளி எலக்ட்ரான்களைக் கடந்து வரும்போது தாழ்ந்த அதிர்வெண் பிந்தி வருவது: 4.15 மில்லி நொடியைச் சிதறல் அளவால் (வழியில் உள்ள எலக்ட்ரான்களின் மொத்தக் கணக்கு) பெருக்கி, கிகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் இருமடியால் வகுத்தால் கிடைக்கும். 2022இல் அறிவிக்கப்பட்ட கிளீம்-எக்ஸ் ஜே1627 என்ற மூலத்துக்குச் சிதறல் அளவு 57. எனவே 150 மெகாஹெர்ட்ஸில் தாமதம் சுமார் 10.5 நொடி, 1.4 கிகாஹெர்ட்ஸில் 0.12 நொடிதான். அரை நிமிடத் துடிப்பில் இரண்டாவதை அளப்பது கடினம். இந்தச் சோதனைக்குத் தாழ்ந்த அதிர்வெண்தான் சரி.

காலமுறை கணக்கிடும்போது பலர் சறுக்குவது பூமியின் நகர்வில். வந்த நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றாவிட்டால் ஒரே நாளில் 8 நொடிக்கு மேல் பிசகலாம். ஆறு மாதத்தில் 1000 நொடி வரை போகும், அதாவது ஜே1627இன் 1091 நொடிச் சுழற்சியில் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. இன்னொரு பொறி: இரண்டு துடிப்புக்கு இடையே 2182 நொடி என்றால், காலமுறை அதுவாகவும் இருக்கலாம், அதில் பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் இருக்கலாம். இடையில் வர வேண்டியவை மௌனமாக இருந்திருக்கலாமே! பல இடைவெளிகளின் பொது வகுத்தியைத் தேட வேண்டும். ஜே1839-10இல் துடிப்பு ஏறத்தாழ 400 நொடி அகல ஜன்னலுக்குள் எங்கு வேண்டுமானாலும் தலைகாட்டும். ஆகவே தனித் துடிப்பின் உச்சத்தை நம்பாமல், எல்லாவற்றையும் காலமுறை நீளத் துண்டுகளாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பொருத்துவதே பாதுகாப்பு.

துடிப்பது எந்த வகை விண்மீன் என்பதைக் காலமுறை மட்டும் சொல்லாது. ஜே1627ஐ நியூட்ரான் விண்மீன் என்று வைத்தால், சுழற்சி தளர்வதால் கிடைக்கும் ஆற்றலைவிட உச்ச ரேடியோ ஒளிர்வு சுமார் ஆயிரம் மடங்கு. வேறு ஊற்று வேண்டும், காந்தப்புலம் என்பது ஒரு ஊகம். லோஃபார் கண்ட ஐஎல்டி ஜே1101+5521 கதையே வேறு. அங்கே ஒளியியல் நிறமாலையில் சிவப்புக் குறுமீன் ஒன்று முன்னும் பின்னும் ஆடுகிறது, ஆட்டத்தின் காலமும் அதே 125.5 நிமிடம். ஆக, அந்தக் காலமுறை, சிவப்புக் குறுமீன் ஒரு வெண் குறுமீனுடன் (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எச்சம்) சேர்ந்த இரட்டையின் சுற்றுக்காலம். ஆஸ்காப் ஜே1839-0756 (6.45 மணி நேரம்) அரைச் சுற்றிலும் ஒரு துணைத் துடிப்பு தருகிறது, இரு காந்த முனைகளையும் நாம் பார்க்கிறோம் என்றால் அது பொருந்தும், நியூட்ரான் விண்மீன் பக்கம்தான் சாய்கிறது. புதிதாக ஒன்று சிக்கினால், அந்த இடத்தில் மங்கலான சிவப்பு விண்மீன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.